துரத்துவதால் தீருமா?

பால் வாட்சன் 2024 ஜூலையில் கிரீன்லாந்தில் கைதாகி, ஐந்து மாதச் சிறைவாசத்துக்குப் பின் டிசம்பரில் விடுதலை பெற்றதிலிருந்து, கடலைப் பாழாக்கும் கப்பல்களைக் கடலிலேயே மறிக்கும் அவருடைய மார்க்கமே பாக் விரிகுடாவையும் காக்கும் என்று வாதிக்கும் நண்பர்கள் காரைக்குடியிலும் பெருகியிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

அம்மார்க்கத்தின் பயனை மறுப்பதற்கில்லை. அவர் தோற்றுவித்த சீ ஷெப்பர்ட் இயக்கத்தின் கப்பல்கள் 'தண்டர்' என்ற கள்ள மீன்பிடிக் கப்பலை 110 நாட்கள் விடாது தொடர்ந்திராவிட்டால், அதன் தலைவன் 2015இல் சாவோ தோமேயில் தண்டனை பெற்றிருக்க மாட்டான். அதே போல, நம்மவரின் இழுவை மடிகளை எதிர்த்து 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுகளில் அணிவகுத்த ஈழத்து மீனவரின் கோபம் முற்றிலும் நியாயமானது.

ஆயினும் கடலில் எதிர்ப்படுகிறவன் யார் என்பதை இந்த நண்பர்கள் சிந்திப்பதேயில்லை. விசைப்படகின் பின்னே இரு பலகைகள் மடியின் வாயை விரித்துப் பிடிக்க, அடியில் கோத்த இரும்புச் சங்கிலி ஆழங்குறைந்த அந்த விரிகுடாவின் தரையைச் சுரண்டிச் செல்ல, கடற்புல்லும் நண்டுக்குஞ்சும் மீன்குஞ்சும் ஒருசேர வாரப்பட்டுத் தளத்தில் கொட்டப்படும்போது, இறாலைப் பொறுக்கியது போக எஞ்சும் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். அது வீசியெறியப்படுவதில்லை, கோழித் தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைகளுக்கும் எடைபோட்டு விற்கப்படுகிறது. குஞ்சுகூட விலைபோகும் வரையில் கண்ணி சிறுத்த மடிக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட்டாக வேண்டிய படகுக்காரனும், டீசல் செலவு கழித்து மிஞ்சுவதில் பங்கு பெறும் கூலியாளுமே கடலில் அகப்படுகிறார்கள். முதல் போட்டவரின் மேல் உப்புக்காற்றுகூடப் படுவதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு, நிலத்தை உழுதவனை விட அவனுக்குக் கடன் கொடுத்தவனின் சொல்லே மேலோங்கியது என்பதை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

துரத்துவதால் தீரக்கூடிய வியாதியானால், இது என்றோ தீர்ந்திருக்கும். 2017இல் இழுவை மடியையே சட்டத்தால் தடைசெய்த இலங்கை, கடற்படையைக் கொண்டு படகுகளைப் பறிமுதல் செய்தும், மீனவரைச் சிறையிலடைத்தும் வருகிறது. நம்மவர் உயிர்களும் அக்கடலில் பலியாகியிருக்கின்றன. அத்தனைக்கும் பிறகும் படகுகள் எல்லை தாண்டுகின்றன. ஓர் அரசின் ஆயுதபலம் நிறுத்தாததைத் தொண்டர்களின் கப்பலும் காமிராவும் நிறுத்திவிடும் என்று நம்புவது, சாகசத்தின் மீதுள்ள மோகமேயன்றி வேறில்லை. அந்த மோகம் தீங்கற்றதும் அன்று. கூலியாளைக் கொடியவனாகத் திரையில் காட்டிக் கைதட்டல் வாங்கும் ஒவ்வொரு முறையும், சங்காயத்தை வாங்குகிறவரை அது பார்வையிலிருந்து மறைத்து விடுகிறது.

செய்யத்தக்கது கரையில் இருக்கிறது. இழுவைப்படகை ஒப்படைப்பவருக்கு ஆழ்கடல் சூரைப்படகு தரும் திட்டம் 2017இலேயே வந்தது. அப்போது படகு ஒன்றின் மதிப்பு 80 லட்சம் ரூபாயாக இருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கை மீனவர் கையிலிருந்து போட வேண்டியிருந்தது, ஐந்தில் ஒரு பங்கை வங்கியில் கடன் வாங்க வேண்டியிருந்தது. வியாபாரியிடம் ஏற்கெனவே முன்பணத்தால் கட்டுண்டவனை இன்னொரு கடனுக்கு அழைத்தால் அவன் எப்படி வருவான்? அந்தப் பழைய முன்பணத்தை அரசே ஏற்றுத் தீர்த்துவிட்டு, சங்காயத்தின் கொள்முதலையும் கரையிலேயே தடைசெய்யட்டும். மடி தானாகவே படகிலிருந்து இறங்கும்.