காயத்துக்கு வயது கேட்பவர்கள்

சட்ட மருத்துவப் பாடநூல்களில் காயத்தின் வயதைப் பற்றிய பகுதியில் நொதிகளின் அட்டவணை ஒன்று வரும். 1960களில் பின்லாந்தின் யிர்க்கி ரேகல்லியோ செய்த ஆய்வுகளின் வழி வந்தது அது. உயிருள்ள உடலில் காயம் பட்டால் அதன் நடுப்பகுதியில் நொதிகளின் செயல்பாடு குறைகிறது, ஓரத்தில் கூடுகிறது. எஸ்டரேஸ் சுமார் 1 மணி நேரத்தில், அமினோபெப்டிடேஸ் 2 மணி நேரத்தில், அமில பாஸ்படேஸ் 4 மணி நேரத்தில், கார பாஸ்படேஸ் 8 மணி நேரத்தில் கூடுவதாக அட்டவணை சொல்கிறது.

இந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் இது யாருக்குப் பயன்படுகிறது? நொதியைப் பார்க்கக் காயத்தின் ஓரத்துத் தோலை வெட்டியெடுத்துச் சாயமேற்ற வேண்டும். அதற்கு வாய்ப்புள்ள இடம் பெரும்பாலும் பிணவறைதான். அடிபட்டு அரசு மருத்துவமனைக்கு நடந்து வரும் பெண்ணுக்கு மிஞ்சுவது மருத்துவரின் கண்ணும், ரத்தக்கட்டு சிவப்பிலிருந்து நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறும் நாள்கணக்கும்தான்.

அந்தக் கணக்கு உறுதியானதல்ல. மஞ்சள் தெரிந்தால் ரத்தக்கட்டு 18 மணி நேரத்தைக் கடந்தது என்பதே 1991இல் லாங்லாய்ஸ், கிரெஷாம் இருவரும் வெளியிட்ட ஆய்வு தந்த முடிவு. மஞ்சள் இல்லை என்பதால் காயம் புதிதென்று ஆகிவிடாது. கருத்த தோலில் இந்த நிறங்களைப் பிரித்தறிவது இன்னும் கடினம். நம்மில் பலருடைய தோல் அதுதான்.

"நேத்து ராத்திரி அடிச்சாரு" என்கிறாள் ஒருத்தி. சான்றிதழில் 'சில நாள் பழைய காயம்' என்று விழுந்தால், குறுக்கு விசாரணையில் பொய்யாவது அவள் பேச்சுதான், அட்டவணை பொய்யாவதில்லை.

என் மறுப்பு அந்தக் கேள்வியின் மீதே. 'எப்போது ஏற்பட்டது?' என்பது ஒரு நாள், ஒரு சம்பவம், ஒரு காயம் என்று எண்ணிக்கொண்டு கேட்கப்படுவது. வீட்டுக்குள் நடக்கும் அடி அப்படி வருவதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல், பாலியல், சொல், மனம், பொருளாதாரம் என எல்லா வகை வன்முறையையும் கணக்கில் எடுக்கிறது. இவற்றில் பலவும் தோலில் எந்த நொதியையும் கூட்டுவதில்லை.

பல நிறக் காயங்கள் இருப்பதாலேயே தொடர்ந்து அடித்தார்கள் என்றும் நிரூபணம் ஆகாது. ஒரே நாளில் பட்டவையும் வெவ்வேறு நிறம் காட்டலாம். அதனால்தான் அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு காயத்தின் இடம், அளவு, நிறம் தனித்தனியே பதிவாக வேண்டும். வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாதபோது, முடியாது என்றே எழுத வேண்டும். மருத்துவம் படிக்கும் தோழிகளே, நாளை அந்தப் பேனா உங்கள் கையில் இருக்கும்.