நோயாளிக்குப் பாட்டில் மட்டும் போதுமா?

வள்ளூரிலோ திருவொற்றியூரிலோ உறவினர் ஒருவர் நோயுற்றுப் படுத்திருக்கிறார். பார்க்கப் போகும் நீங்கள் என்ன வாங்கிச் செல்வீர்கள்? ஒரு சீப்பு வாழைப்பழம். கையில் பணமிருந்தால் ஹார்லிக்ஸ் போன்ற ஒரு பாட்டில். அந்தப் பாட்டில் மீது நமக்குள்ள நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது?

கணக்கிட்டுப் பார்ப்போம். இத்தகைய மால்ட் பொடி இரண்டு கரண்டியில் கிடைப்பது ஏறத்தாழ 100 கலோரி, 3 கிராம் புரதம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலையில் 7 கிராமுக்கு மேல் உண்டு. விலையையும் ஒப்பிட்டால் விடை உங்களுக்கே விளங்கும்.

அப்படியானால் நோயாளிக்குக் கூடுதல் ஊட்டம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். காய்ச்சலில் உடலின் சக்திச் செலவு கூடுகிறது, பசியோ குறைகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் தன் தசையையே கரைக்கிறது. மூச்சுவிட உதவும் தசைகளும் இதற்கு விலக்கல்ல.

"நல்ல மருந்து இருக்கும்போது உணவு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் காட்டும் சான்று நம் சென்னையிலிருந்தே சென்றது. 1956-இல் இங்கு தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் வீட்டிலும் மறு பிரிவினர் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்தை உண்டனர். சானடோரியத்தார் நன்றாகச் சாப்பிட்டனர், எடையும் கூடினர். ஆயினும் குணமானோர் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. 1959-இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் ஏழை நோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி திறந்தது. அது மகத்தான சாதனை.

ஆனால் அதிலிருந்து "உணவு முக்கியமன்று" என்று பொதுவிதி செய்தது தவறு. கிருமி ஒடுங்குவது ஒன்று. உடல் தேறுவதும், வீட்டிலுள்ளோர் நோயின்றி இருப்பதும் வேறு.

இதை விளக்கியது, அதே மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஜார்கண்ட் ஆய்வு. அது 2019-இல் தொடங்கியது. முடிவுகள் 2023-இல் வெளியாயின. நோயாளிகள் 2,800 பேருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் தரப்பட்டது. நாளொன்றுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம்! வீட்டார் மட்டும் இரு பிரிவாக்கப்பட்டனர். உணவுப் பொருள் பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது, பெறாதவர்களைவிடச் சுமார் 39 விழுக்காடு குறைந்தது.

முதல் இரு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைவாக இருந்தது. இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். நோய் கடுமையாக இல்லாதவர்களுக்கே எடை எளிதில் கூடியிருக்கலாம். உணவு பெறாத நோயாளிப் பிரிவு ஒன்று இல்லாததால் இதை முழு நிரூபணமாகக் கொள்ள இயலாது. வீட்டாரைப் பற்றிய முடிவோ வலுவானது.

மைய அரசு காசநோயாளிக்கு உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாயிற்று. நாளுக்குச் சுமார் 33 ரூபாய். இதில் ஒரு பகுதி பாட்டிலுக்குப் போனால் தட்டில் என்ன மிஞ்சும்?

மருத்துவர் எழுதித் தரும் ஊட்டப் பானங்கள் வேறு வகை. ஒரு கோப்பையில் 200 முதல் 300 கலோரி வரை தருபவை அவை. உணவு இறங்காதவருக்கு அவை உதவும். ஆயினும் அவற்றை இரு வேளை உணவுக்கிடையே குடிக்கவேண்டும். உணவுக்குப் பதிலாக அன்று.

நோயாளியின் எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து அதன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 18.5-க்குக் குறைந்தால் ஊட்டக் குறைவு. 16-க்கும் கீழே போனால் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென மிகுந்த உணவைத் திணித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். 2022-இல் தொடங்கிய தமிழகத்தின் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் கண்டறிந்தவுடனே இந்த அளவைப் பார்த்து, நலிந்தோரை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்வது பொருத்தமே.

ஆகவே, அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகையில் முட்டையும் கடலையும் பருப்பும் வாங்கிச் செல்லுங்கள். அவருக்கு மட்டுமன்று, அவர் வீட்டாருக்கும் சேர்த்து!