ஏழே நாளில் வெளுத்தால் சந்தேகப்படுங்கள்

சரும அழகு ரீல்களைக் கேலி செய்வது ரொம்ப சுலபம். "எல்லாம் ஃபில்டர்ங்க, எல்லாம் காசு வாங்கிட்டுப் பேசறது" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அந்த விமர்சனம் பாதிதான் சரி. பொய் சொல்லும் ரீலால் பெரும்பாலும் போவது நம்ம பணம். உண்மை சொல்லும் ரீல்தான் சில சமயம் உடம்பையே பதம் பார்க்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்று ஓர் ஊர். அங்குள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 நோயாளிகளைப் பற்றி எழுதிய ஆய்வு, 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளியானது. எல்லோருக்கும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி. அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டுப்போய்ப் புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய். கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். இந்த 22 பேரில் 15 பேருக்கு இருந்தது 'நெல்-1' என்ற அரிதான வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் பூசியவர்கள். ஒருவருக்கு மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல்.

காரணம் பாதரசம். நம் தோலில் மெலனின் என்ற நிறமியை உருவாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்கிவிடும். நிறமி குறையும், முகம் வெளுக்கும். ஆக, இப்படிப்பட்ட க்ரீமைப் பூசி ஒருவர் 'முன்–பின்' படம் போட்டால் அந்தப் படம் நிஜமாகவே இருக்கலாம். ஃபில்டர் இல்லை, விளக்கு வெளிச்ச வித்தை இல்லை. கமெண்டில் "எனக்கும் வேலை செஞ்சுதுக்கா" என்று எழுதுபவரும் பொய் சொல்லவில்லை. அத்தனை பேரும் உண்மை பேசுகிறார்கள், பாதரசம் பாட்டுக்குத் தோல் வழியாக ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இங்கேதான் ரீல் என்ற வடிவத்தின் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. முகத்தைக் காட்ட அதற்குத் தெரியும், சிறுநீரகத்தைக் காட்டத் தெரியாது. ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்பது முப்பது நொடிக்குள் அடங்காது. நாமும் "வேலை செய்யுமா?" என்ற ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறோம். "எதனால் வேலை செய்கிறது?" என்று கேட்பதில்லை.

ஸ்டீராய்டு களிம்புகளின் கதையும் இதேதான். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்றவை படை, அரிப்பு மாதிரியான நோய்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் பூச வேண்டிய மருந்துகள். இவை ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமி உற்பத்தியையும் அடக்கும். சில நாளில் முகம் 'பளிச்'. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பாகும். பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார்கள். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் 'நைட் க்ரீம்' என்ற பெயரில் பெயரில்லாத டப்பாக்களில் அது வரத்தான் செய்கிறது.

ஆகவே என் முதல் அளவுகோல் காலம். தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள இளவயதில் ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், வயது கூடக்கூட இன்னும் அதிகம். உருப்படியான பொருள் எதுவும் அந்தக் கடிகாரத்தை மீறி ஓடாது. நியாசினமைடை எடுத்துக்கொள்வோம். இப்போது பார்க்கிற சீரத்திலெல்லாம் இருக்கிறதே, அதுதான். அதற்கு அடிப்படையாகச் சொல்லப்படும் ஆய்வு 2002-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் ஆய்வாளர்கள் வெளியிட்டது. கம்பெனி ஆய்வுதான், அதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். ஆனால் அதில்கூடப் பூசியது 2 முதல் 5 சதவீதம், வித்தியாசம் தெரிய ஆனது நான்கு வாரம். விற்கிற கம்பெனியே நான்கு வாரம் என்கிறபோது, மூன்று நாளில் நடக்கும் என்று ரீல் சொன்னால் இரண்டில் ஒன்றுதான்: ஒன்று பொய், அல்லது டப்பாவுக்குள் வேறு ஏதோ இருக்கிறது.

இரண்டாவது அளவுகோல் டப்பாவின் பின்பக்கம். ரீலில் எப்போதும் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். பின்னால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண் இருக்கிறதா? வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. இருந்தால் பொருள் பட்டியலைப் பாருங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவு வாரியாக, அதிகத்திலிருந்து குறைவுக்கு வரும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். ஒரு சின்ன உபாயம்: ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அதற்குப் பிறகு வரும் குங்குமப்பூவும் முத்துத் தூளும் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கப் படத்தில் குங்குமப்பூ எவ்வளவு பெரிசு, பின்பக்க வரிசையில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விளம்பரம் கழன்றுவிடும். (பாதரசத்தை யாரும் பட்டியலில் எழுத மாட்டார்கள். அதனால்தான் உரிம எண்ணை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.)

"இதெல்லாம் கெமிக்கலுங்க, நான் வீட்டுச் சரக்குதான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோலின் அமிலநிலை ஏறத்தாழ 5, எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வரலாம், பிறகு கருமை தங்கலாம். கருப்பு போக்கப் பூசியது கருப்பையே கொண்டுவரும்.

மூன்றாவது, சொல். 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. 'ஃபேர்' என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அந்த இடத்துக்கு 'க்ளோ', 'ப்ரைட்டனிங்', 'டீ-டேன்' வந்து உட்கார்ந்துகொண்டன. முன்–பின் படத்தைப் பார்த்தால் 'பின்' முகம் இன்றும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. டேன் என்பது வெயிலில் வந்த கருமை. பிறக்கும்போதே வந்த நிறத்துக்கு 'டீ-டேன்' என்ன செய்யும்? மலப்புறத்தில் சிறுநீரகம் வரை போன விஷயம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. நிறம் ஒரு குறை என்று நம்பவைத்த பிறகு, எந்த டப்பா என்பது வெறும் விலைப் பிரச்சினை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சமூக ஊடகம் கெடுதல் மட்டும் செய்யவில்லை. சன்ஸ்க்ரீன் கடலோரத்துக்கு மட்டும் உரியதில்லை என்பதும், எஸ்பிஎஃப் 30 ஏறத்தாழ 97 சதவீதமும் 50 ஏறத்தாழ 98 சதவீதமும் தடுக்கும், ஆகவே விலை வித்தியாசத்துக்கு மயங்க வேண்டாம் என்பதும் பலருக்கு ரீல் வழியாகத்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு க்ரீமைப் பற்றி எச்சரிக்கும் தோல் மருத்துவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். 2023 முதல், உடல்நல ஆலோசனை சொல்பவர் தன் தகுதியைச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி விதித்திருக்கிறது. விளம்பரம் என்றால் அதையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இரண்டும் இல்லாத ரீலை அக்கம்பக்கத்துப் பேச்சாக எடுத்துக்கொண்டால் போதும்.

ஏற்கெனவே பெயரில்லாத க்ரீம் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு இருந்தால் எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். கால் வீக்கமோ நுரைத்த சிறுநீரோ இருந்தால், க்ரீம் பூசுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முகத்துக்குப் பூசுவதற்கும் கால் வீக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சொல்லாமல் விட்டால், மருத்துவருக்கும் கேட்கத் தோன்றாமல் போகலாம்.