ஜே அழுத்தினால் அடுத்த பதிவு

மாஸ்டடான் சமூக வலைத்தளத்தை என்விடிஏ திரைவாசிப்பான் வழியாகக் கேட்பவர் முதலில் கைப்பழக்கமாக்க வேண்டியது இன்சர்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்த ஒரு விசைச் சேர்க்கை. அதற்கு முன் ‘கே’ அடுத்த இணைப்புக்குத் தாவும். அதன் பின் அதே ‘கே’ முந்தைய பதிவுக்கு, ‘ஜே’ அடுத்ததற்கு. எழுதியவர் பெயர், பதிவு, நேரம் என வரிசையாகக் காதில் விழும். பதில் சொல்ல ‘ஆர்’. மவுஸே வேண்டாம். கணக்கு எந்தச் சர்வரில் இருந்தாலும் வேறு சர்வர்க்காரர்களையும் இப்படியே தொடரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவை படங்கள்தான்! விளக்கம் எழுத 1,500 எழுத்து வரை இடம் உண்டு. பலர் மனமார எழுதுகிறார்கள். வெறும் ‘பூனை’ அல்ல, சன்னலோரம் ஒரு காதை மடக்கிப் படுத்திருக்கும் சாம்பல் பூனை. ஆங்கில ஹேஷ்டேக்கில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குபவர்களுக்கும் நன்றி. சொற்கள் ஒட்டிக் குழறாமல் தனித்தனியாக ஒலிக்கின்றன.