வீட்டு நூலகத்தின் ஒழுங்கும் ஓராண்டு வாசிப்பும்

நூல்களைச் சேர்ப்பது வேறு. நூலகம் அமைப்பது வேறு. முன்னதற்கு ஆர்வம் போதும். பின்னதற்குத் தெளிவு வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழாசிரியர் பலருடைய இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நூல்கள் நிறைந்துள்ளன. தமிழகம் சென்று திரும்புகையில் பெட்டியில் சுமந்து வந்தவை, நூல் வெளியீட்டு விழாக்களில் மேடையேறிப் பெற்றவை, கல்லூரிக் காலப் பாடநூல்கள், நண்பர் கையெழுத்திட்டு அளித்தவை என அவை ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆயினும், வகுப்பிற்கு வேண்டிய உரைநூல் ஒன்றை வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாமல், அதனையே மீண்டும் கடையில் வாங்கும் நிலை அவ்வில்லங்களில் அரிதன்று.

இக்குறைக்கு இடமின்மையையோ நேரமின்மையையோ காரணம் காட்டுவோர் பலர். நூலடுக்குதல் வீட்டு வேலை, படித்தல் அறிவுத்தொழில் என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. அவ்வெண்ணம் பொருந்தாது. எந்த நூலை எந்த நூலின் அருகில் வைப்பது என்னும் முடிவு, அவ்விரு நூல்களுக்கும் உள்ள உறவைப் பற்றிய ஒரு தீர்ப்பாகும். அதுவே திறனாய்வின் முதற்படி. ஓராண்டில் எதனைப் படிப்பது, எதனைத் தள்ளி வைப்பது என்பதும் அத்தீர்ப்பின் தொடர்ச்சியே.

தொகுத்தோர் கண்ட நெறி

இவ்வுண்மை தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தோரே வகைப்படுத்தும் கலையில் வல்லுநராக விளங்கினர். அகப்பாடல்களை அவர்கள் அடியளவால் பகுத்தனர். நான்கு முதல் எட்டு அடி வரையிலானவை குறுந்தொகையாயின. ஒன்பது முதல் பன்னிரண்டு அடி வரையிலானவை நற்றிணையாயின. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரையிலான அடிகளைக் கொண்டவை அகநானூறாயின. ஐங்குறுநூற்றில் இவ்வடியளவோடு திணையும் அடிப்படையாயிற்று. திணைக்கு நூறாக, நூற்றுக்கு ஒரு புலவராக ஐவர் பாடல்கள் அதில் அமைந்தன. பதிற்றுப்பத்தோ பத்துக்கு ஒரு சேரர் என்னும் முறையில், பாடப்பெற்றோரை அடிப்படையாகக் கொண்டது.

இவற்றுள் அகநானூற்றின் அமைப்பு வியப்பிற்குரியது. அதில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. இரண்டு, எட்டு என முடியும் எண்கள் குறிஞ்சி; நான்கு என முடிபவை முல்லை; ஆறு என முடிபவை மருதம்; பத்து, இருபது எனப் பத்தின் மடங்காய் வருபவை நெய்தல். இதனால் 86ஆம் பாடல் என்ற அளவிலேயே அது மருதம் என்பது புலனாகும். இன்றைய நூலகங்களில் நூலின் முதுகில் ஒட்டப்படும் எண் செய்யும் பணியை, அன்றே பாடல் எண் செய்துள்ளது. எண்ணே இடத்தையும் பொருளையும் ஒருங்கே உணர்த்துகிறது.

தேவாரப் பதிகங்களின் வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகிறது. தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த ஏடுகளில் பெரும்பகுதி செல்லரித்துப் போக, எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி முறைப்படுத்தினார் என்பது மரபு. அங்ஙனம் முறைப்படுத்தப்பெற்ற பதிகங்கள் பண்முறை, தலமுறை என இருவேறு வரிசைகளில் வழங்கி வருகின்றன. இசைத்துப் பாடுவோர்க்குப் பண்முறை ஏற்றது. தலந்தோறும் சென்று வழிபடுவோர்க்குத் தலமுறை ஏற்றது. பாடல்கள் மாறவில்லை, பயன்கொள்வோரின் நோக்கம் மாறியது, அதற்கேற்ப வரிசையும் மாறியது. எல்லார்க்கும் எக்காலத்துக்கும் ஒரே வரிசைதான் உண்டு என்னும் கருத்து தமிழ் மரபுக்கு உடன்பாடன்று என்பது இதனால் விளங்கும்.

பொது நூலக முறையும் வீட்டின் தேவையும்

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், நூலகவியலுக்குரிய ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூல் பூட்டி வைக்கும் பொருளன்று, எடுத்தாளும் பொருள் என்பதும், நூலகம் ஓரளவில் நின்றுவிடாமல் வளர்ந்துகொண்டே செல்லும் என்பதும் அவ்விதிகள் வலியுறுத்துவன. வீட்டு நூலகங்கள் பெரிதும் தவறுவது இவ்விரண்டிலேயே. கூடத்தில் கண்ணாடி அலமாரி அழகாக நிற்கும். அதன் சாவி எங்கே என்பது எவர்க்கும் தெரியாது. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த இந்நாடுகளில் காற்றோட்டமற்ற அலமாரி பூஞ்சைக்கு இடமாகும். சுவரை ஒட்டிய அடுக்கு கரையானுக்கு வழியாகும். அடிக்கடி எடுத்துப் புரட்டப்படும் நூலை இராமபாணப் பூச்சி எளிதில் அணுகுவதில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் வெறுமையாக விடப்பட்டால், புதிய நூல் வருந்தோறும் முழு அலமாரியையும் கலைக்க நேராது.

பொது நூலகங்களில் பரவலாக வழங்கும் தூவி தசம வகைப்பாடு 1876இல் வெளிவந்தது. அதில் தமிழ் இலக்கியத்திற்கு உரிய எண் 894.811. பன்மொழி நூல்கள் நிறைந்த பெரிய நூலகத்திற்கு அது பொருந்தும். ஆயிரம் நூல்களில் எண்ணூறு தமிழிலக்கியமாக உள்ள இல்லத்தில், அவ்வெண்ணூறும் ஒரே எண்ணின்கீழ் வந்து குவியும். அடுத்து வேறு பகுப்பு ஒன்று தேவைப்படவே செய்யும்.

ஆசிரியர் பெயரை அகர வரிசையில் வைப்பதே எளிது என்பர். தமிழ்ப் பெயர்களில் அதுவும் எளிதன்று. மு. வரதராசனாரை ‘மு’வில் வைப்பதா, ‘வ’வில் வைப்பதா? கல்கியின் நூலைக் கிருஷ்ணமூர்த்தி என்னும் பெயரில் தேடுவார் உண்டா? உரைநூல்களின் நிலை இன்னும் சிக்கலானது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடனார் எனப் பலர் உரை கண்டுள்ளனர். ஆசிரியர் பெயர் வரிசையைக் கண்டிப்பாகப் பின்பற்றி உரைகாரர் பெயரில் இவற்றை அடுக்கினால், ஒரே நூற்பாவின் உரைகளை ஒப்பிட விரும்புபவர் பல இடங்களுக்குச் செல்ல நேரும். மூலத்தைச் சுற்றி உரைகளை நிறுத்துவதே கற்பிப்பவர்க்கு ஏற்றது. பெயர் வரிசை பதிவேட்டில் இருக்கலாம். அலமாரியில் இருப்பது கற்கும் முறையாதல் வேண்டும்.

மண்ணின் நூல்கள் நிற்கும் இடம்

இவற்றினும் முதன்மையான வினா ஒன்றுண்டு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் அலமாரியில் எங்கே நிற்கின்றன? பெரும்பாலான இல்லங்களில் அவை கீழ்த்தட்டில் தனியே ஒதுக்கப்பட்டிருக்கும். அளவிற் சிறியவை, அன்பளிப்பாக வந்தவை, விழா மலர்கள் ஆகியவற்றோடு அவையும் கிடக்கும். இவ்விட ஒதுக்கீடு, அறிந்தோ அறியாமலோ, ஒரு தரமதிப்பீட்டைச் செய்துவிடுகிறது. மேல்தட்டில் இருப்பது இலக்கியம், கீழ்த்தட்டில் இருப்பது நினைவுப்பொருள் என்னும் மதிப்பீடே அது. படித்தபின் அம்முடிவுக்கு வந்திருந்தால் குறை கூற இயலாது. பல இல்லங்களில் அது படிக்குமுன்னரே வழங்கப்பட்ட தீர்ப்பாக உள்ளது.

நாட்டை அளவுகோலாகக் கொண்ட பகுப்பு எங்கே இடறுகிறது என்பதற்குச் சில நூல்களே சான்றாகும். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூலாயின. அவர் தமிழகத்தவர்; அவருடைய கதைமாந்தர் வாழ்வதோ பினாங்கிலும் மேடானிலும் போர்க்கால மலாயாவிலும். அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ மலேசிய ரப்பர்த் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்டது. ஆசிரியர் நாட்டைக் கொண்டு பகுத்தால் இவை மேல்தட்டுக்குச் செல்லும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளரின் துயரைக் கூறும் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் கீழ்த்தட்டில் நிற்கும். ஒரே காலத்தையும் ஒரே மண்ணையும் பேசும் நூல்கள் ஒன்றையொன்று காணாமலே காலம் கழிக்கும். அவற்றை அருகருகே வைத்தால்தான், வந்து வாழ்ந்து சென்றவரின் பார்வையும் இங்கேயே நிலைத்தவரின் பார்வையும் எங்கே வேறுபடுகின்றன என்னும் வினா எழும். வினா எழுந்தால் திறனாய்வு தொடங்கும்.

பொதுவரிசையில் கலந்துவிட்டால் மண்ணின் நூல்கள் பெருங்கூட்டத்தில் மறைந்துவிடும் என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. சிறிய எண்ணிக்கையில் அச்சிடப்பட்டு மறுபதிப்புக் காணாத நூல் ஒருமுறை தவறினால் மீண்டும் கிடைப்பது அரிது. இதற்குத் தேவார மரபே விடை கூறுகிறது. அலமாரியில் நூல்கள் பொருளடிப்படையில் நிற்கட்டும். பதிவேட்டில் அவை நாட்டு அடிப்படையிலும் தொகுக்கப்படட்டும். முன்னது பண்முறை போன்றது. பின்னது தலமுறை போன்றது. நூற்பெயர், ஆசிரியரின் இயற்பெயரும் புனைபெயரும், வெளிவந்த ஊர், ஆண்டு, தட்டின் எண், படித்து முடித்த நாள் ஆகிய ஆறு செய்திகள் பதிவேட்டுக்குப் போதும். இரவல் கொடுத்த நூலுக்கு எதிரே பெற்றவர் பெயரை எழுதும் பழக்கமும் உடன் இருத்தல் நன்று.

ஓராண்டு வாசிப்பு

ஒழுங்குபட்ட அலமாரி வாசிப்பைத் தானே உண்டாக்கிவிடாது. அதற்குக் கணக்கும் வேண்டும். நாள்தோறும் 25 பக்கம் படிப்பவர் ஓராண்டில் 9,125 பக்கம் படிப்பார். நூலொன்றுக்கு 250 பக்கம் எனக் கொண்டால் அது 36 நூல்களாகும். இவ்வேகத்தில் ஆயிரம் நூல்களைப் படிக்க ஏறத்தாழ 28 ஆண்டுகள் செல்லும். அதற்கிடையே ஒரு நூலும் புதிதாக வாங்குதல் கூடாது. ஒரு நூலையும் மறுமுறை படித்தல் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் படித்துவிடலாம் என்பது கனவே. தேர்வு செய்வது தவிர்க்க முடியாதது.

தேர்வு செய்வதில் இரு வழிகள் பெருவழக்காக உள்ளன. ஓராண்டில் ஐம்பது நூல் என எண்ணிக்கையை இலக்காகக் கொள்வது ஒன்று. அது மெலிந்த நூல்களை நாடச் செய்யும். கடினமான பகுதியில் நின்று சிந்திக்க விடாது. தொல்காப்பியம் தொடங்கிக் கால வரிசையில் படிப்பது மற்றொன்று. இது முறையானதாகத் தோன்றினும், காப்பியங்களை எட்டுமுன்னரே ஆண்டு முடிந்துவிடும். அடுத்த ஆண்டும் தொல்காப்பியமே தொடக்கமாகும். இக்கால நூல்களும் மண்ணின் நூல்களும் ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும்.

ஒரு வினாவை மையமாகக் கொண்ட திட்டமே இவ்விரண்டினும் ஏற்றது. பிரிவு என்பதையே ஓராண்டின் பொருளாகக் கொள்ளலாம். அகநானூற்றில் பாலைப் பாடல்கள் இருநூறு. வாரத்துக்கு நான்காகப் படித்தால் ஐம்பது வாரத்தில் அவை நிறைவுறும். எஞ்சிய இருவாரம் மீள்பார்வைக்கு உதவும். இது ஆண்டு முழுவதும் ஓடும் அடிநீரோட்டம். இதனோடு முதற்காலாண்டில் சிலப்பதிகாரமும், இரண்டாவதில் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும் ‘கடலுக்கு அப்பா’லும், மூன்றாவதில் ‘புயலிலே ஒரு தோணி’யும் சயாம் ரயில் பற்றிய இரு நாவல்களும், நான்காவதில் ‘பால்மரக்காட்டினிலே’யும் மலேசிய, சிங்கப்பூர்ச் சிறுகதைத் தொகுப்புகளும் இடம்பெறலாம். இவை ஆண்டின் நேரத்தை முழுவதும் நிரப்பமாட்டா. எஞ்சிய பொழுது விருப்பம்போல் படிப்பதற்கு விடப்படல் வேண்டும். இறுக்கமான திட்டம் இரண்டாம் மாதத்திலேயே கைவிடப்படும்.

இத்தகைய வாசிப்பில், புதிய நாவலின்மீது பழைய திணைப்பெயரை ஒட்டிவிட்டு அமைதியடைதல் கூடாது. ஒற்றுமையினும் வேற்றுமையே இங்குப் பயன் தரும். பாலையில் தலைவன் பொருள்வயின் பிரிகிறான். பிரிவது அவன் முடிவு. பொருளோடு மீள்வான் என்னும் எதிர்பார்ப்பும் உண்டு. சயாமுக்குச் சென்றோரில் பலர்க்குப் பிரிவு அவர்தம் முடிவன்று, மீட்சியும் உறுதியன்று. பாலைப் பாடல்கள் பலவற்றில் தலைவியின் குரலும் தோழியின் குரலும் ஒலிக்கின்றன. தோட்டத்து லயத்தில் காத்திருந்த பெண்ணின் குரல் இந்நாவல்களில் எவ்வளவு ஒலிக்கிறது? மாணவர் முன் வைக்கத்தக்க வினா இது. பழைய நூலை அறியாதார்க்கு இவ்வினா தோன்றாது. மண்ணின் நூலைப் படியாதார்க்கு இதற்கு விடை கிடைக்காது.

எதிர்காலத்துக்குரிய கடமை

தனியொருவரின் சேகரம் ஓரினத்தின் கருவூலமாவதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன. மறைமலையடிகள் பல்லாவரத்தில் பேணிய நூல்கள், 1950இல் அவர் மறைந்தபின், 1958இல் அவர் பெயரிலேயே பொது நூலகமாயின. கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும், 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. சிங்கப்பூர் விடுதலை பெற்று ஐம்பதாண்டு நிறைந்த 2015இல், அவ்வைம்பதாண்டுத் தமிழிலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் பணி நிறைவேறியது. தேடியபொழுது கொடுப்பதற்கு எங்கோ ஒரு படி இருந்தால்தான் இத்தகைய பணிகள் இயலும்.

‘சிங்கை நேசன்’ இதழ் தோன்றிய ஆண்டு 1887. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ வெளிவந்த ஆண்டு 1917. இத்துணை நீண்ட மரபுடைய இலக்கியத்தின் படிகள், உரியவர் மறைந்தபின் பழைய தாளோடு எடைக்குப் போவது பொறுக்கத்தக்கதன்று. பிள்ளைகள் தமிழ் படிக்கவில்லை என வருந்துவதால் மட்டும் இது நீங்காது. எந்த நூல் அரியது என்பதை அறிவிக்கும் பதிவேடு இருந்தால், தமிழ் அறியாத பிள்ளையும் அதனை உரிய இடத்தில் ஒப்படைக்க இயலும். பதிவேட்டின் ஒரு படியை வீட்டாரிடமும் மற்றொன்றைப் பள்ளியிலோ எழுத்தாளர் சங்கத்திலோ வைத்தல் வேண்டும்.

இப்பணியில் மாணவரையும் ஈடுபடுத்துதல் ஆசிரியர்க்குத் தகும். விடுமுறையில் மாணவர் நால்வர் கூடி, ஆசிரியர் வீட்டின் ஒரு தட்டு நூல்களுக்குப் பதிவு எழுதலாம். எந்த நூலை எதன் அருகில் வைப்பது, ஏன் என ஒவ்வொருவரும் காரணம் கூறட்டும். அக்காரணங்கள் மாறுபடும், வாதம் எழும். அவ்வாதத்திற்கு விடை காண, அவர்கள் அந்நூல்களைத் திறந்து படித்தே ஆகவேண்டும்.