சுமக்கப்படாத மூட்டை: சுபோத் குப்தாவின் உலோக வார்ப்புகளும் புலம்பெயர் தமிழர் நோக்கும்

அன்றாடப் பொருளை உலோகத்தில் வார்க்கும் பாப் கலை மரபுக்கு முன்னோடியாகச் சுட்டப்படுவது ஜாஸ்பர் ஜான்ஸ் 1960-இல் வெண்கலத்தில் வார்த்து வண்ணம் தீட்டிய இரண்டு பீர் டின்கள். ஒன்று திறந்தது, மற்றொன்று மூடியது. பயன்பட்ட பொருளுக்கும் பயன்படாத பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே வார்ப்பு விட்டுவிடவில்லை.

இம்மரபை இந்தியப் பொருள்களின்மேல் செலுத்தியவர் பீகாரில் 1964-இல் பிறந்த சுபோத் குப்தா. மெல்போர்னின் விக்டோரியா தேசியக் கலைக்கூடம் 2016-இல் அவர் படைப்புகளைக் காட்சிப்படுத்தியது. அந்நகரின் மேற்குப் புறநகரான ட்ருகனினாவில் குடியேறி வாழும் தமிழர் ஒருவர் குப்தாவை எவ்வாறு காண்பார் என்பது இங்கு எழுப்பத்தக்க வினா.

குப்தாவின் புகழுக்குக் காரணமானவை எவர்சில்வர் பாத்திரக் குவியல்கள். அவற்றால் ஆன மாபெரும் மண்டையோடு (2006) பலரும் அறிந்தது. அது அடுக்கே அன்றி வார்ப்பு அன்று. அதில் மினுமினுப்பே முன்நிற்கிறது. சீராக வந்த குடத்தில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருப்பதைக் கண்டு பழகிய தமிழ்க் கண்ணுக்கு அப்பாத்திரங்கள் எவருடையவும் அல்ல. 'இந்தியா' என்ற பொதுப்பெயருக்கு மட்டுமே அவை பயன்படுகின்றன.

பயண மூட்டைகளை வார்த்த படைப்புகள் இவற்றினும் ஆழமானவை. விமான நிலையத் தள்ளுவண்டியும் அதன்மேல் கயிறு கட்டிய மூட்டையும் உலோகமாகி நிற்கின்றன. 2004-இல் செய்யப்பட்ட மற்றொன்றில் வாடகைக் காரின் மேற்பாதி தரையில் புதைந்தாற்போல் காட்சி தர, கூரைமேல் வெண்கலப் பெட்டிகள் அமர்ந்துள்ளன. எல்லாம் உள்ளே இருக்கிறது என்பது அதன் தலைப்பு. உள்ளே இருப்பதை எவரும் காண இயலாது. ஜான்ஸிடம் இருந்த திறப்பு இங்கில்லை.

வளைகுடாவிலிருந்து ஊர் மீளும் தொழிலாளியின் மூட்டை அது. ட்ருகனினாத் தமிழரின் பெட்டி எதிர்த்திசையில் வந்தது. பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டது. ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுப்பொருளை அறிவித்தாக வேண்டும். கேட்டால் திறந்து காட்டவும் வேண்டும். திறக்கப்பட்ட பெட்டியின் நாணத்தையும் நறுமணத்தையும் குப்தாவின் வார்ப்பு அறியாது. ஆயினும் மீளும் பயணத்தை நினைவூட்டும் அதன் கனம் குடியேறியோரைத் தொடாமல் விடுவதில்லை.

தமிழரின் வார்ப்பு மரபு வேறொரு அளவுகோலைத் தருகிறது. சோழர்கால உற்சவத் திருமேனிகளின் பீடங்களில் தண்டு செருகத் துளைகளும் வளையங்களும் உண்டு. சுமந்து செல்லப்படவே அவை வார்க்கப்பட்டன. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை 2008-இல் கான்பராவின் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. 2014-இல் அது இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அத்திருமேனியும் நீராட்டப்படாமல், வீதி காணாமல், குப்தாவின் மூட்டைபோல் பார்க்கப்படும் பொருளாகவே நின்றது. ஒன்றைக் கலைஞர் விரும்பிப் பயன்பாட்டிலிருந்து பிரித்தார். மற்றொன்றைத் திருட்டு பிரித்தது. உலோகம் ஒன்றே ஆயினும், பாப் கலைக்கு உரிய திறனாய்வுச் சொற்களால் இவ்விரண்டையும் ஒருசேர மதிப்பிட முடியாது.