நாற்பத்தொன்பது தலைமுறையும் இரண்டு பௌர்ணமியும்

புத்தூர் நால்ரோட்டில் முளைக்கும் பிளெக்ஸ் பேனர்களில் ஏதாவது ஒரு சாதி ‘ஆண்ட பரம்பரை’யாக நிற்கும். உறையூர் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் சோழரின் வாளும் புலிக்கொடியும் யாருக்கும் எளிதில் கிடைத்துவிடுகின்றன. பேனரில் பெண் முகம் இருந்தால் அது பெரும்பாலும் மஞ்சள் நீராட்டு விழாவாக இருக்கும். அந்தச் சாலை வழியாகத்தான் நான் புறநானூறு நடத்தப் போகிறேன்.

சென்ற ஆண்டு பாரி மகளிர் பாடலை எடுத்தபோது பலகையில் ‘அங்கவை, சங்கவை’ என்று எழுதினேன். பின்வரிசையில் சிரிப்பு. ஒரு மாணவி மட்டும் தலை நிமிரவில்லை. பள்ளிக்கூடத்தில் அதுதான் தன் பட்டப்பெயர் என்று பிறகு சொன்னாள். 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தில், கருப்பு மை பூசிக் கேலிக்கு நிறுத்தப்பட்ட இரு பெண்களுக்கு இந்தப் பெயர்களைத்தான் வைத்திருந்தார்கள்.

பாரியின் பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரில் சோழனும் ஒருவன். பேனர்களில் இது வருவதில்லை. பாரி இறந்தபின் கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடி அலைகிறார். இருங்கோவேளிடம் பேசும்போது (புறம் 201) அவனுடைய வம்சத்தை விரிவாகச் சொல்கிறார்: வடபால் முனிவனின் வேள்விக்குழியில் தோன்றிய குடி, துவரையை ஆண்ட குடி, நாற்பத்தொன்பது தலைமுறை கண்ட வேள். வேளிரின் பூர்வீகம் பற்றி வரலாற்றாசிரியர்கள் ஓயாமல் மேற்கோள் காட்டும் பாட்டு இது. இது ஒரு பெண் கொடுக்கும் பேச்சு என்பதை அவர்கள் அநேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நாற்பத்தொன்பது தலைமுறை மாப்பிள்ளைக்கு. பெண்களுக்கு ‘பாரி மகளிர்’ என்பதே அடையாளம். இருங்கோவேள் மறுத்துவிட்டான், அதற்கு முன் விச்சிக்கோவும் ஏற்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு செருஸ்கி என்ற ஜெர்மானியக் குலத்து ஒருத்தி நினைவுக்கு வருவாள். கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் மூன்று ரோமானியப் படையணிகளை அழித்த அர்மினியஸின் மனைவி. அவளுடைய தந்தை ரோமின் நண்பர். கி.பி. 15இல், கருவுற்றிருந்தபோது, ரோமானியர் கையில் சிக்கினாள். அழவில்லை, கெஞ்சவில்லை, கைகளைக் கோத்துக்கொண்டு தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். பெயரை எழுதவில்லை. துஸ்னெல்டா என்ற பெயர் நமக்கு ஸ்ட்ராபோவிடமிருந்து கிடைக்கிறது. கி.பி. 17இல் ரோமின் வெற்றி ஊர்வலத்தில் கைக்குழந்தையோடு அவளை நடத்திச் சென்றார்கள். தந்தை மரியாதைக்குரிய விருந்தினராக அதைப் பார்த்தார்.

அதே டாசிட்டஸின் ‘ஜெர்மானியா’, அக்குலங்களைக் கலப்பில்லாத மண்ணின் மக்கள் என்றது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிற்கால ஜெர்மனி என்னவெல்லாம் செய்தது என்பது தெரிந்ததே. 1943இல் ஹிம்லர் அதன் பழஞ்சுவடியைத் தேடி இத்தாலிக்கு ஆளனுப்பினார். அர்மினியஸ், ஹெர்மன் ஆனான். டெட்மோல்ட் அருகே 1875இல் பீடத்தோடு 53 மீட்டர் உயரத்தில் அவனுக்குச் சிலை எழுந்தது, கையில் உயர்த்திய வாளோடு. அவள் பெயரும் மறையவில்லை. இன்றைய ஜெர்மன் கொச்சையில் ‘டுஸ்ஸி’ என்றால் மினுக்கித் திரியும் மூளையில்லாத பெண். துஸ்னெல்டா தேய்ந்து ஆன சொல் அது.

துஸ்னெல்டா சொன்னதாக ஒரு வார்த்தைகூட எஞ்சவில்லை. பாரியின் பெண்களுக்கு ஒரு பாட்டு இருக்கிறது, புறம் 112. போன மாதப் பௌர்ணமியில் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இந்தப் பௌர்ணமியில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். தந்தையை இழந்த புலம்பல் என்று உரைநூல்கள் நிறுத்திக்கொள்ளும். எனக்கு அதில் ‘எம்’ என்ற சொல் முக்கியம். குன்றைத் தந்தையின் குன்று என்று அவர்கள் சொல்லவில்லை, எங்கள் குன்று என்கிறார்கள். முன்னோரில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. கபிலர் தலைமுறைகளை எண்ணினார், இவர்கள் இரண்டு நிலவுகளை எண்ணினார்கள்.

அங்கவை, சங்கவை என்பது பிற்கால வழக்கு; சங்கப் பாடல்களில் அந்தப் பெயர்கள் இல்லை. ஆகவே அடுத்த வகுப்பில் ‘பாரி மகளிர்’ என்று மட்டும் எழுதலாமா என்று அந்த மாணவியிடம் கேட்டேன். புலமை சார்ந்த காரணம் இருந்தது, கோழைத்தனமும் இருந்தது.

“எழுதுங்க மேடம்” என்றாள். “சிரிக்கிறவங்க பாட்டையும் படிக்கட்டும்.”